தினமும் கைப்பையில் கிடக்க ஒரு கேமரா: 1,200 வெள்ளிக்குள் எது?

பொங்கோல் அம்மா
வெள்ளிக்கிழமை, இரவு 10:40

இந்தக் கேமரா மன்றத்தை இரண்டு வருஷமாகப் படித்துவிட்டு மட்டும் போகிறவள், முதல் தடவை எழுதுகிறேன். தப்பான பகுதியில் போட்டிருந்தால் நடத்துநர் மாற்றிவிடுங்கள்.

மகனுக்கு நாலரை வயது. மாமியார் எங்களோடுதான் இருக்கிறார். நான் எடுப்பதெல்லாம் வீட்டுப் படங்கள். சமையலறையில் மாமியார், அடுக்குமாடி புளோக் கீழே சைக்கிள் ஓட்டும் பையன், ஞாயிறு காலை தேக்கா மார்க்கெட், அப்புறம் கோப்பிக்கடை. எல்லாமே கைபேசியில். திரையில் பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. போன மாதம் ஊரில் இருக்கும் அம்மாவுக்காக ஓர் ஆல்பம் அச்சடித்தேன். இரவில் ஹாலில் எடுத்தவற்றில் பையன் முகம் மெழுகு பொம்மை மாதிரி வழவழவென்று வந்திருக்கிறது. மாமியார் கைச் சுருக்கத்தைக்கூடக் காணோம். "எனக்கு வயசு குறைஞ்சிருச்சா?" என்று அவரே கேட்டுச் சிரித்தார்.

1,200 சிங்கப்பூர் வெள்ளி வரை போகலாம். மூன்று பெயர் எழுதி வைத்திருக்கிறேன்: ரிக்கோ ஜிஆர் 3, சோனி ஆர்எக்ஸ்100 (ஏழு தலைமுறை இருக்கிறதாமே, எது?), ஃபூஜி எக்ஸ்100 சிக்ஸ். கடைசியது கைக்கு எட்டாது என்று தெரியும், ஆசைக்கு எழுதினேன்.

லென்ஸ் மாற்றுகிற கேமரா வேண்டவே வேண்டாம் என்கிறார் வீட்டுக்காரர். காரணம் இருக்கிறது. கல்யாணத்துக்கு முன் வாங்கிய கேனன் டிஎஸ்எல்ஆர் ஒன்று 18-55 லென்ஸோடு அலமாரியில் தூங்குகிறது.

தேக்கா நடையன்
வெள்ளிக்கிழமை, இரவு 11:02

ஜிஆர் 3. இழையை மூடிவிடலாம் 😄

பேட்டரி, கார்டு எல்லாம் சேர்த்து 257 கிராம். கால்சட்டைப் பையில் போகும். உள்ளே இருப்பது பெரிய கேமராக்களில் வரும் அதே ஏபிஎஸ்-சி அளவு சென்சார் (படம் பதியும் சில்லு), 24 மெகாபிக்சல். லென்ஸ் 28 மிமீ கோணம் (இந்த எண் குறைந்தால் காட்சி அகலமாக விழும், கூடினால் நெருங்கி வரும்). 'ஸ்னாப் ஃபோகஸ்' என்று ஒன்று இருக்கிறது: 1.5 மீட்டர் அல்லது 2 மீட்டர் என்று முன்கூட்டியே வைத்துவிட்டால், பொத்தானை ஒரே அழுத்தாக அழுத்த வேண்டியதுதான், ஃபோகஸ் தேடி நேரம் போகாது. காம்பல் லேன் பொங்கல் கூட்டத்தில் மாட்டுக்கும் எனக்கும் நடுவே ஒரு முழம்தான் இருந்தது. அங்கே இந்தக் குட்டியால் முடிந்தது, என் நண்பரின் பெரிய கேமராவால் முடியவில்லை.

குறையும் சொல்லிவிடுகிறேன். கண் வைத்துப் பார்க்க வியூஃபைண்டர் கிடையாது. மழைக்கும் தூசிக்கும் காப்பு கிடையாது. ஒரு பேட்டரிக்கு 200 படம் என்று கம்பெனியே சொல்கிறது, அதனால் இரண்டு பேட்டரி.

இரவு ஷிஃப்ட்
சனிக்கிழமை, அதிகாலை 3:15

அண்ணே, நீங்க எடுக்குறது பகல்ல தெருவு. அக்கா கேக்குறது ராத்திரி வீட்டு ஹாலு. ரெண்டும் வேற கதை.

வேலைக்கு நடுவுல டீ குடிச்சிக்கிட்டே ஒரு கணக்குப் போட்டேன். வீட்டு ஹால்ல ராத்திரி வெளிச்சம் 100 லக்ஸ்னு வச்சுக்குவோம். நாலரை வயசுப் பையன் சும்மா உக்காந்திருந்தாலே ஷட்டர் 1/125 நொடி வேணும், இல்லன்னா அசைவுல படம் மங்கிடும். அப்படின்னா:

(எஃப் எண் குறைஞ்சா லென்ஸ் அதிக வெளிச்சம் வாங்கும். ஐஎஸ்ஓ ஏறுனா படத்துல புள்ளியும் மழுப்பலும் கூடும்.) எஃப் 1.8 லென்ஸ்ல ஐஎஸ்ஓ 1000 போதும். எஃப் 2.8-ன்னா 2500. எஃப் 4.5-ன்னா 6400. பையன் எந்திரிச்சு ஓடுனா 1/250 வேணும், அப்ப மூணையும் ரெண்டால பெருக்கிக்குங்க.

ஆர்எக்ஸ்100-ல எதுன்னு கேட்டதுக்கும் இதுலயே பதில் இருக்கு. 2014-ல வந்த மூணாவது தலைமுறை 24-70 மிமீ, எஃப் 1.8 முதல் 2.8 வரை. 2019-ல வந்த ஏழாவது 24-200, ஆனா எஃப் 2.8-ல ஆரம்பிச்சு 4.5-ல முடியுது. புதுசுன்னு ஏழாவத வாங்கி ராத்திரி ஹால்ல ஜூம் பண்ணுனீங்கன்னா மறுபடியும் மெழுகு பொம்மைதான். என்கிட்ட இருக்குறது மூணாவது தலைமுறை. டார்மிட்டரி ரூம்ல பசங்க பிறந்தநாள் எல்லாம் அதுலதான் எடுத்து ஊருக்கு அனுப்புறோம்.

இன்னொண்ணு. சத்தமே வராம எடுக்குற எலெக்ட்ரானிக் ஷட்டர் சில கேமரால இருக்கு. அத இந்த ஊரு டியூப் லைட், எல்இடி கீழ போட்டா சில இடத்துல படம் முழுக்க வரி வரியா விழும். இங்க கரண்ட் 50 ஹெர்ட்ஸ், லைட்டு நொடிக்கு 100 தடவை துடிக்குது. மெக்கானிக்கல் ஷட்டருக்கு மாத்துங்க, இல்லாட்டி 1/50 இல்ல 1/100-ல வைங்க. இது தெரியாம கேமரா ரிப்பேர்னு நெனச்சு அலையிறவங்க உண்டு.

நீர்நாய்
சனிக்கிழமை, காலை 8:20

ஏழாவதைக் குறை சொல்லாதீர்கள், என் கண்ணு அது. காலாங் ஓரம் விடியற்காலையில் நீர்நாய்க் குடும்பம் வந்தால் 70 மிமீ வைத்து என்ன செய்வது? படத்தில் கறுப்பாக நாலு புள்ளி தெரியும். உண்மையைச் சொன்னால் 200-ம் போதவில்லை.

ஆனால் பொங்கோல் அம்மாவின் பட்டியலில் விலங்கு எதுவும் இல்லை. (மகனைத் தவிர.)

பழைய கண்ணாடி
சனிக்கிழமை, காலை 9:47

வணக்கம் அம்மா. கேமரா பழுது பார்க்கும் தொழிலில் முப்பது வருடம் இருந்து ஓய்வு பெற்றவன். எல்லாரும் பதில் சொல்லிவிட்டார்கள், ஒருவரும் உங்களிடம் கேள்வி கேட்கவில்லை.

நீங்கள் எழுதிய மூன்றும் மூன்று வெவ்வேறு கோணம். ஜிஆர் 28, எக்ஸ்100 35, சோனி ஜூம். எந்தத் தூரத்தில் நின்று எடுக்கிறீர்கள் என்று தெரியாமல் இதில் ஒன்றைச் சொல்வது, கால் அளவு கேட்காமல் செருப்பு வாங்குவது போல.

இரண்டு மீட்டர் தள்ளி நில்லுங்கள். 28 மிமீயில் அகலவாக்கில் சுமார் 2.6 மீட்டர் படத்துக்குள் வரும். உங்கள் மாமியார், அடுப்பு, குளிர்சாதனப் பெட்டி, கதவு, கதவுக்குப் பின்னால் காயும் துண்டு, எல்லாம். 40 மிமீயில் 1.8 மீட்டர்: மாமியாரும் அடுப்பும். 50-இல் 1.4 மீட்டர்: மாமியாரும் அவர் கையில் இருக்கும் கரண்டியும். எது உங்கள் படம்?

இதைக் கண்டுபிடிக்க ஒரு காசு செலவில்லை. அலமாரியில் தூங்கும் அந்த கேனனை எழுப்புங்கள். அதன் சென்சார் சிறியது, அதனால் லென்ஸில் எழுதியிருக்கும் எண்ணை 1.6 ஆல் பெருக்கினால்தான் கோணம் கிடைக்கும். லென்ஸ் வளையத்தில் 18, 24, 35 என்று எழுதியிருக்கும். முறையே 29, 38, 56 மிமீ கோணம் என்று கொள்ளுங்கள். வளையத்தை 18-இல் வைத்து செலோடேப் ஒட்டி இரண்டு நாள். பிறகு 24-இல் இரண்டு நாள். பிறகு 35. படம் நன்றாக வர வேண்டும் என்பதில்லை. எந்த எண்ணில் காலை நகர்த்தாமல் நின்ற இடத்திலேயே எடுத்தீர்கள் என்று மட்டும் கவனியுங்கள்.

கைபேசியில் பழைய படங்களையும் புரட்டிப் பாருங்கள். எத்தனை படத்தில் 2எக்ஸ் அழுத்தியிருக்கிறீர்கள்?

ஒட்டும் முன் லென்ஸைக் கழற்றி, பின்பக்கமிருந்து டார்ச் அடித்துப் பாருங்கள். எத்தனை வருடம் அலமாரியில் இருந்தது என்று நீங்கள் சொல்லவில்லை. எனக்குப் பயமாக இருக்கிறது.

பொங்கோல் அம்மா
சனிக்கிழமை, பிற்பகல் 2:30

ஐயா, டார்ச் அடித்தேன். கண்ணாடிக்குள் ஓரமாகச் சிலந்தி வலை மாதிரி, வெள்ளை வேர் மாதிரி கிளை கிளையாக ஓடுகிறது. இதுதானா அது?

ஆறு வருஷம். அதுவும் வாங்கியபோது கொடுத்த பையோடு.

பழைய கண்ணாடி
சனிக்கிழமை, பிற்பகல் 3:05

அதுதான். பூஞ்சை. தப்பு உங்கள் பேரில் இல்லை, இந்த ஊர்க் காற்றின் பேரில். சிங்கப்பூரின் சராசரி ஈரப்பதம் 80 சதவீதத்துக்கு மேல். விடியற்காலையில் 90-ஐத் தாண்டும். பூஞ்சைக்கு 60-க்கு மேல் இருந்தாலே கொண்டாட்டம். அதோடு இருட்டு, காற்றோட்டமில்லாத அலமாரி, ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும் பை. பண்ணையே வைத்துக் கொடுத்திருக்கிறீர்கள்.

ஓரத்தில் மட்டும் இருந்தால் சோதனைக்குப் போதும், எடுங்கள். ஆனால் புதிதாக வாங்கும் எதையும் அதன் பக்கத்தில் வைக்காதீர்கள். புதியதற்கு டிரை கேபினட் (உள்ளே ஈரப்பதத்தைக் குறைத்து வைக்கும் பெட்டி) வாங்குங்கள், சிறியது போதும், 40 முதல் 50 சதவீதத்தில் வையுங்கள். பயத்தில் 20-க்கு இறக்கிவிடுகிறவர்கள் உண்டு. அதுவும் கூடாது, ரப்பரும் எண்ணெய்ப் பசையும் வறண்டுபோகும். இடமில்லையென்றால் காற்றுப் புகாத சாப்பாட்டு டப்பா, சிலிக்கா ஜெல், ஒரு குட்டி ஈரமானி. மாமியாரின் முறுக்கு டப்பா தத்துவம்தான்.

எல்லாவற்றையும்விட நல்ல மருந்து வெளியே எடுத்து உபயோகிப்பது. தினமும் வெளிச்சமும் காற்றும் படும் லென்ஸ்களில் பூஞ்சை பார்த்தது எனக்கு மிகக் குறைவு.

இரவு ஷிஃப்ட்
சனிக்கிழமை, மாலை 6:50

அங்கிள் சொன்னதோட ஒண்ணு சேத்துக்குங்க அக்கா. ஏர்கான் ரூம்ல இருந்து கேமராவ அப்படியே வெளிய தூக்கிட்டு வந்தீங்கன்னா கண்ணாடில பனி மூடும். துடைக்கக் கூடாது. பையோட ஜிப்ப மூடியபடியே ஒரு இருபது நிமிஷம் வெளிச்சூட்டுக்குப் பழக விடுங்க. எம்ஆர்டி ரயில்ல இருந்து இறங்கி நடக்குற நேரமே பாதி சரியாயிடும்.

தேக்கா நடையன்
ஞாயிற்றுக்கிழமை, காலை 11:30

பழைய கண்ணாடி அங்கிளோடு மோத எனக்கு வயசு பத்தாது, ஆனாலும். இங்கே நாலறை அடுக்குமாடி வீடே சுமார் 90 சதுர மீட்டர்தான். அதில் சமையலறை எவ்வளவு? 28-க்கு மேல் போனால் முதுகு சுவரில் இடிக்கும். 28-இல் எடுத்துவிட்டுத் தேவையான அளவுக்கு வெட்டிக்கொள்ளலாம். ஜிஆர் 3-லேயே 35, 50 என்று வெட்டும் வசதி இருக்கிறது. 35-க்கு 15 மெகாபிக்சல், 50-க்கு 7 மெகாபிக்சல் கிடைக்கும். ஆல்பத்துக்கு 7 தாராளம். ஏ4 முழுத்தாளை 300 புள்ளி நுணுக்கத்தில் அச்சடிக்கவே 8.7 தான் வேண்டும்.

இரவு ஷிஃப்ட்
ஞாயிற்றுக்கிழமை, பிற்பகல் 1:10

மெகாபிக்சல் சரிண்ணே. வெட்டுறப்ப வெளிச்சமும் சேந்து வெட்டுப்படுதே, அத விட்டுட்டீங்க.

ஏபிஎஸ்-சி சென்சார் 23.5-க்கு 15.6 மிமீ, பரப்பு 366 சதுர மிமீ. 28-ல எடுத்து 50-க்கு வெட்டுனா மிச்சம் 115. என் ஆர்எக்ஸ்100-ல இருக்குற '1 இன்ச்' சென்சார் 13.2-க்கு 8.8, அதாவது 116. (அது நிசமாவே ஒரு இன்ச் இல்ல, பழைய காலத்து வீடியோ குழாய் அளவுல வந்த பேரு.) ஆக 50-க்கு வெட்டுன ஜிஆரும் என் குட்டியும் ஒரே சைஸு. 50-ல ரெண்டுமே எஃப் 2.8 வேற.

பெரிய சென்சாருன்னு காசு குடுத்து வாங்கி, மூணுல ரெண்டு பங்க கத்தரிச்சுக் குப்பைல போடுறதுக்கு எதுக்கு?

தேக்கா நடையன்
ஞாயிற்றுக்கிழமை, பிற்பகல் 1:25

தம்பி தூங்காமல் கணக்குப் போடுகிறார். 😤

சரி, ஒப்புக்கொள்கிறேன். அப்படியென்றால் ஜிஆர் 3எக்ஸ். 2021-இல் வந்தது, அதே உடம்பு, 40 மிமீ. ஆனால் 28 இல்லாமல் நான் தைப்பூசம் போகமாட்டேன். பெருமாள் கோயில் வாசலில் காவடி கிளம்பும்போது பின்னால் நகர இடமே இருக்காது.

நீர்நாய்
ஞாயிற்றுக்கிழமை, இரவு 9:00

எக்ஸ்100 சிக்ஸ் பற்றி யாருமே பேசவில்லை, ஆசைக்கு எழுதினவருக்காக நான் சொல்கிறேன். 35 மிமீ, எஃப் 2, 40 மெகாபிக்சல், கைநடுக்கத்தைத் தாங்கும் வசதி, நல்ல வெயிலுக்கு உள்ளேயே இருக்கும் கறுப்பு ஃபில்டர். அழகோ அழகு. 521 கிராம். கால்சட்டைப் பையில் வைத்தால் கால்சட்டை இறங்கும். மழைக் காப்பு என்று விளம்பரத்தில் படித்துவிட்டு நேராக மழையில் நிற்காதீர்கள். முன்னால் வளையமும் ஃபில்டரும் தனியாக வாங்கி மாட்டினால்தான் அது முழுமையாகும்.

அடுத்த மாதம் ஜப்பான் போகிறேன், அங்கே வாங்கி வரவா என்று யாராவது கேட்பதற்குள்: 48 மணி நேரத்துக்கு மேல் வெளியே இருந்தால் 500 வெள்ளி வரைதான் ஜிஎஸ்டி வரி விலக்கு, மிச்சத்துக்கு 9 சதவீதம் விமான நிலையத்தில் கட்ட வேண்டும். ஜோகூருக்கு ஒரு நாள் போய்வந்தால் 100 வெள்ளிதான். ஜப்பானில் உள்நாட்டுக்கென்று விற்கும் சோனிகளில் மெனு ஜப்பானிய மொழியில் மட்டுமே வரும் மாடல்கள் உண்டு, அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

பொங்கோல் அம்மா
அடுத்த சனிக்கிழமை, இரவு 10:15

செலோடேப் பரீட்சை முடிந்தது.

18-இல் எடுத்த எல்லாப் படத்திலும் எங்கள் வீட்டுக் குப்பைத்தொட்டி இருக்கிறது. எங்கே நின்று எடுத்தாலும் எப்படியோ உள்ளே வந்துவிடுகிறது. தேக்காவில் மட்டும் 18 பிரமாதம், மீன்கடை வரிசை முழுக்க விழுந்தது. ஆனால் தேக்காவுக்கு வாரத்தில் ஒரு நாள்தானே போகிறேன்.

35-இல் பையன் முகம் அழகு. சமையலறையில்தான், தேக்கா நடையன் சொன்ன மாதிரி, முதுகு ஃபிரிட்ஜில் இடித்தது. மாமியார், "என்னத்துக்கு ஓடி ஒளியுற?" என்றார்.

24-இல் எதுவுமே நினைவில்லை. அதாவது கேமரா இருக்கிற நினைப்பே வரவில்லை, நின்ற இடத்தில் எடுத்தேன். கைபேசியையும் பார்த்தேன்: கடைசி 200 படத்தில் 131 படம் 2எக்ஸ். எனக்கே தெரியாது.

ஆக 40 மிமீ. இப்போது ஜிஆர் 3எக்ஸ் தவிர வேறு வழி உண்டா? இரவு ஷிஃப்ட் தம்பி கணக்குப்படி எஃப் 2.8 என்பது இடிக்கிறதே.

பழைய கண்ணாடி
ஞாயிற்றுக்கிழமை, காலை 7:30

உண்டு, வீட்டுக்காரரிடம் எப்படிச் சொல்வது என்பதை நீங்கள்தான் பார்க்க வேண்டும்.

மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸ். லென்ஸ் மாற்றுகிற, ஆனால் சிறிய சென்சார் உள்ள கேமரா வகை. லென்ஸ் எண்ணை 2 ஆல் பெருக்க வேண்டும். பானசோனிக்கின் 20 மிமீ எஃப் 1.7 என்று ஒரு தட்டையான லென்ஸ், முதலில் 2009-இல் வந்தது. இரண்டாம் பதிப்பு 87 கிராம். கோணம் உங்கள் 40. அதை மாட்ட ஜிஎக்ஸ்85 என்ற 2016-ஆம் வருட கேமரா உடம்பு 426 கிராம்: 16 மெகாபிக்சல், கைநடுக்கக் காப்பு, வியூஃபைண்டர் எல்லாம் உண்டு. இரண்டையும் பழையதாக வாங்கினாலே உங்கள் பணத்தில் மீதி இருக்கும்.

வெளிச்சக் கணக்கு நான் போட்டுவிடுகிறேன், தம்பி தூங்கட்டும். 2.8-ஐவிட 1.7 சுமார் 2.7 மடங்கு வெளிச்சம் தரும். சென்சார் ஏபிஎஸ்-சியைவிட 1.6 மடங்கு சிறியது. கழித்தாலும் லாபம் உங்கள் பக்கம்.

மறைக்காமல் ஒரு குறை. அந்த 20 மிமீயில் ஃபோகஸ் ஆக உள்ளே கண்ணாடிக் கூட்டமே முழுதாக நகர வேண்டும். மெதுவாக, முனகிக்கொண்டே நகரும். ஓடுகிற பையனுக்கு ஆகாது. ஓலிம்பஸ் 17 மிமீ எஃப் 1.8 வேகமானது, 120 கிராம், ஆனால் அது 34 மிமீ கோணம். உங்கள் குப்பைத்தொட்டி பாதி உள்ளே வரும்.

சிட்டி ஹால் எம்ஆர்டி பக்கம் பெனின்சுலா ஷாப்பிங் சென்டருக்குப் போங்கள், ஜிஆர் 3எக்ஸையும் இந்த உடம்பில் மாட்டிய இரண்டு லென்ஸையும் கையில் பிடித்துப் பாருங்கள். பழையது வாங்குவதானால் டார்ச் கொண்டுபோங்கள், வெட்கப்படாதீர்கள். எஃப் 16-இல் வைத்து வெள்ளைச் சுவரை ஒரு படம் எடுத்துப் பெரிதாக்குங்கள், சென்சாரில் தூசி இருந்தால் புள்ளி புள்ளியாகத் தெரியும். கடையில் வாங்கிய பழைய பொருளுக்கும் 'லெமன் லா' உண்டு. ஆறு மாதத்துக்குள் பழுது தெரிந்தால், விற்கும்போதே இருந்த பழுது என்றுதான் சட்டம் எடுத்துக்கொள்ளும், இல்லை என்று நிரூபிப்பது கடைக்காரர் பாடு. கரோசெல் இணையச் சந்தையில் தனி ஆளிடம் வாங்கினால் அந்தச் சட்டம் துணைக்கு வராது. விலை குறைவாக இருப்பது அதற்கும் சேர்த்துத்தான்.

நீர்நாய்
ஞாயிற்றுக்கிழமை, காலை 8:05

426-ம் 87-ம் 513. எக்ஸ்100 சிக்ஸ் 521. எட்டு கிராமுக்கா இத்தனை பக்கம் எழுதினோம்?

பழைய கண்ணாடி
ஞாயிற்றுக்கிழமை, காலை 8:20

அவர் முதலில் கேட்டது கைப்பை. கால்சட்டைப் பையைக் கொண்டுவந்தவர் தேக்கா நடையன்.

பொங்கோல் அம்மா
அதற்கடுத்த செவ்வாய்க்கிழமை, இரவு 11:20

வாங்கிவிட்டேன். ஜிஎக்ஸ்85, 20 மிமீ, கூடவே 12-32 குட்டி ஜூம், எல்லாம் பழையது, கடையில். 720 வெள்ளி. டார்ச் அடித்தபோது கடைக்காரர், "யார் சொல்லிக் கொடுத்தது?" என்று கேட்டார். மீதிப் பணத்தில் சின்ன டிரை கேபினட்.

ஜிஆர் 3எக்ஸைக் கையில் பிடித்துப் பார்த்தேன், மனசு போனது உண்மை. ஆனால் தூரமாக நீட்டிப் பிடித்து, திரையைப் பார்த்து எடுப்பது கைபேசி மாதிரியே இருந்தது. கண்ணில் வைத்து எடுத்தபோதுதான் மாமியாரை நிஜமாகவே பார்க்கிறேன் என்று தோன்றியது.

வீட்டுக்காரரிடம், "லென்ஸ் மாத்துறதில்லை, ஒட்டியே இருக்கும்" என்று சொல்லிவைத்திருக்கிறேன். 12-32 டிரை கேபினட்டின் கீழ்த்தட்டில் பின்னால் இருக்கிறது.

ஐயா சொன்னபடி பையன் சைக்கிளில் வந்தால் ஃபோகஸ் தவறுகிறது. பத்துக்கு மூன்று தேறும். அவன் பிரேக் போடும் தூண் எது என்று எனக்குத் தெரியும் என்பதால் அந்தத் தூணுக்கு முன்பே ஃபோகஸ் பிடித்து வைத்துக்கொண்டு காத்திருக்கிறேன். நடையன் அண்ணன் சொன்ன ஸ்னாப் ஃபோகஸின் ஏழை வடிவம்.

கீழே இணைத்திருப்பது நேற்று இரவு எடுத்தது. மாமியார் தோசை வார்க்கிறார். கல்லின் புகை, வளையல், கைச் சுருக்கம் எல்லாம் இருக்கிறது.

இரவு ஷிஃப்ட்
புதன்கிழமை, அதிகாலை 2:40

அக்கா, பசி நேரத்துல இதப் போட்டுட்டீங்களே. ஐஎஸ்ஓ எவ்வளவு?

பொங்கோல் அம்மா
புதன்கிழமை, காலை 6:55

1600. எஃப் 1.7, 1/200. மாமியார் கை நம் பையனைவிட வேகம்.

நீர்நாய்
புதன்கிழமை, காலை 7:10

அந்த உடம்புக்கே மாட்டுகிற மாதிரி 45-150 லென்ஸ் ஒன்று என்னிடம் சும்மா இருக்கிறது. 200 கிராம்தான், 300 மிமீ வரை போகும். பொங்கோல் பக்கமும் நீர்நாய் வரும். வீட்டுக்காரர் இந்த இழையைப் படிக்கிறாரா?

பொங்கோல் அம்மா
புதன்கிழமை, காலை 7:12

படிப்பதில்லை. தனிச்செய்தி அனுப்புங்கள்.